புரையேறினால் யாரோ நினைக்கிறார்களாம்: மூளை முடக்குவாதக் குழந்தை சாப்பிடுவதை மதிப்பிடும் முறை

சாப்பிடும்போது புரையேறினால் உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டி, “யாரோ உன்னை நினைக்கிறார்கள்” என்று சொல்வது நம் வீட்டு வழக்கம். நான் பேச்சுப் பயிற்சியாளர். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பத்தொன்பது வருடங்களாக மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தைகளின் வீடுகளுக்குப் போய்வருகிறேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் எட்டுப் பேர் நினைக்கும் குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன். சோறு மூச்சுக்குழாய்க்குள் போயும் ஒருவர்கூட நினைக்காத குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன். என் தூக்கத்தைக் கெடுப்பவர்கள் இந்த இரண்டாவது வகையினர்.

குழந்தை எப்படிச் சாப்பிடுகிறது என்று கேட்டால் எவ்வளவு சாப்பிடுகிறது என்றுதான் பதில் வரும். “இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால்.” நாமும் குறித்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்த இரண்டு இட்லி இறங்க எத்தனை நிமிடம் ஆனது, நடுவில் எத்தனை இருமல், எவ்வளவு மடியில் விழுந்தது, யார் எப்படிப் பிடித்துக்கொண்டு ஊட்டினார்கள் என்பதெல்லாம் ஏட்டில் ஏறுவதே இல்லை. சிறப்புப் பள்ளி ஆசிரியர்களும், வீடு வீடாகப் போகும் களப்பணியாளர்களும், பெற்றோரும் இதை எப்படிப் பார்த்துக் குறிப்பது என்று சொல்வதற்காக இதை எழுதுகிறேன். மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் செய்ய வேண்டிய விழுங்கும் பரிசோதனைக்கு இது மாற்று ஆகாது. அவர்களிடம் என்ன சொல்லிக்கொண்டு போவது என்பதற்குத்தான் இது.

முதலில் அளவுகோல். குழந்தை எப்படி நடக்கிறது, நகர்கிறது என்பதை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறை ஒன்று 1997 முதல் இருக்கிறது. பிசியோதெரபிஸ்டுகளுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. அதே பாணியில், சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் என்று ஐந்து நிலைகளை டயான் செல்லர்ஸ் என்ற பிரிட்டன் பேச்சுப் பயிற்சியாளரும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்டார்கள். ‘ஈடாக்ஸ்’ (EDACS) என்று சுருக்கமாகச் சொல்வோம். மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது. 18 முதல் 36 மாதக் குழந்தைகளுக்கு அதன் சிறு வடிவம் ஒன்று பின்னால் வந்தது.

இந்த அளவுகோல் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறது. ஒன்று, பாதுகாப்பு: தொண்டை அடைக்குமா, மூச்சுக்குழாய்க்குள் போகுமா. மற்றது, திறன்: ஒத்த வயதுப் பிள்ளையோடு ஒப்பிட்டால் எவ்வளவு நேரம், எவ்வளவு சிரமம், வாயிலிருந்து எவ்வளவு வழிந்து வீணாகிறது. இரண்டையும் கலந்து பார்ப்பதுதான் நாம் எல்லோரும் செய்யும் தவறு. மெதுவாகச் சாப்பிடும் குழந்தையை ஆபத்தில் இருப்பதாக நினைத்துப் பயப்படுகிறோம். வேகமாக விழுங்கும் குழந்தையைப் பார்த்து நிம்மதி அடைகிறோம், அது மெல்லாமல் கட்டி கட்டியாக விழுங்கிக்கொண்டிருந்தாலும்.

போவதற்கு முன்

காய்ச்சலோடு இருக்கும் குழந்தை, வலிப்பு வந்து தெளியாத குழந்தை, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தை, மூச்சு வாங்கும் குழந்தை, மருத்துவர் ‘வாய்வழி எதுவும் வேண்டாம்’ என்று சொல்லியிருக்கும் குழந்தை: இவர்களுக்கு அன்று எதையும் கொடுத்துப் பார்க்க வேண்டாம். மூச்சை எண்ணிப் பழகுங்கள். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள், நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு. அன்று போக வேண்டிய இடம் மருத்துவமனை. தொண்டை அடைத்தால் முதுகில் ஐந்து தட்டு, வயிற்றில் ஐந்து அழுத்தம் என்ற முதலுதவியை (ஒரு வயதுக்குக் கீழே வயிற்றில் அழுத்தக் கூடாது, மார்பில்தான்) யாரிடமாவது நேரில் பார்த்துக் கற்றுக்கொண்ட பிறகே இந்த வேலையில் இறங்குங்கள். அப்போதும் அடைப்பு விலகாவிட்டால் 108.

சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். பதினொரு மணிக்குப் போய், பசியில்லாத குழந்தைக்கு நாம் கொண்டுபோன பிஸ்கட்டைக் கொடுத்துப் பார்ப்பது மதிப்பீடு ஆகாது. குழந்தை வழக்கமாக என்ன செய்கிறது என்பதுதான் நமக்குத் தேவை. விருந்தாளி முன்னால் காட்டும் உச்சத் திறமை தேவையில்லை. வலிப்பு மாத்திரை எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கேளுங்கள். சில மாத்திரைகள் தூக்கத்தையும் எச்சிலையும் கூட்டும். கொடுத்த ஒரு மணி நேரத்தில் பார்க்கும் குழந்தையும் மறுவேளைக்கு முன் பார்க்கும் குழந்தையும் வேறு வேறு ஆட்கள் போல இருப்பார்கள்.

உட்கார்ந்து கேளுங்கள். ஒரு வேளைச் சாப்பாடு முப்பது நிமிடத்தைத் தாண்டுகிறதா? கடந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை நெஞ்சுச் சளி, எத்தனை முறை ஊசி, எத்தனை முறை அட்மிஷன்? எடை கூடியதா? சட்டை சின்னதாகிறதா என்று கேட்டால் தராசு இல்லாத வீட்டிலும் பதில் கிடைக்கும். மலச்சிக்கல் உண்டா? நான்கு நாள் போகாத வயிற்றில் பசி எங்கிருந்து வரும்? சாப்பிட்ட பிறகு உடம்பை வில்லாக வளைத்து அழுகிறதா? பல் சொத்தையா? கடைசியாக, குரலைத் தாழ்த்தி, ஊட்டுபவரைக் கேளுங்கள்: “உங்களுக்கு எப்படி இருக்கிறது?” அழுதுவிட்ட அம்மாக்கள் உண்டு. ஒரு நாளில் ஐந்து மணி நேரம் ஊட்டுவதிலேயே போகிறவர்கள் அவர்கள்.

ஒரு மதியச் சாப்பாடு

ஒரு வீட்டை அப்படியே காட்டுகிறேன். ஆறு வயதுப் பையன். கை கால் விறைப்பு. ஊட்டுவது அப்பாயி. திண்ணையில் கால்களை நீட்டி உட்கார்ந்து, பேரனைக் கால்கள் மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, பக்கத்தில் கிண்ணத்தில் ரசம் சாதம். “கெட்டியாகக் கொடுத்தால் விழுங்க மாட்டான், அதனால் ரசம் விட்டுத் தளரப் பிசைந்திருக்கிறேன்” என்றார்.

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்: 12.50. அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. நாம் முதலில் ஊட்டிப் பார்க்கக் கூடாது. பழகிய கை ஊட்டும்போது என்ன நடக்கிறது என்று பார்க்கவே போயிருக்கிறோம்.

அப்பாயி உருண்டையை வாய்க்குள் வைத்து, மேல் பல்லில் விரலை இழுத்துத் துடைத்து எடுத்தார். அப்படி ஏன் செய்கிறார்? பையனுடைய உதடு மூடிச் சோற்றை வாங்கவில்லை, அதனால். இது முதல் குறிப்பு. உள்ளே போன சோற்றை நாக்கு வெளியே தள்ளியது. மோவாயில் வழிந்ததை அப்பாயி வழித்து மறுபடி உள்ளே அனுப்பினார். இது இரண்டாவது. தாடை மேலும் கீழும் மட்டும் அசைந்தது. மென்று சாப்பிடும் பிள்ளைக்குத் தாடை லேசாகச் சுற்றும், நாக்கு சோற்றைப் பக்கத்துக்குப் பக்கம் தள்ளும், கன்னம் மாறி மாறி உப்பும். இங்கே அது இல்லை. மூன்றாவது.

பிறகு தொண்டையைப் பார்த்தேன். விழுங்கும்போது குரல்வளை மேலேறி இறங்குவது வெளியே தெரியும். சோறு உள்ளே போனதிலிருந்து அது ஏறும் வரை மனதுக்குள் எண்ணுங்கள். இவனுக்கு நான்கு வரை எண்ண வேண்டியிருந்தது. ஆனால் ரசம் காத்திருக்குமா? சோறு நாக்கின் மேல் கிடக்க, ரசம் மட்டும் முன்னதாகத் தொண்டைக்கு ஓடிவிட்டது. மல்லாந்த கழுத்து, மூச்சுக்குழாயின் வாசல் திறந்தபடி இருக்கிறது. இருமல். உச்சியில் தட்டு. “யாரப்பா நினைக்கிறது என் தங்கத்தை?”

ரசம் சாதம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நோயாளிக்கு, குழந்தைக்கு, பல் போனவருக்கு என்று நாம் எல்லோருக்கும் கொடுப்பது அதுதான். லேசான சாப்பாடு என்று பெயர். விழுங்கும் சிரமம் உள்ள குழந்தைக்கு இதைவிடக் கடினமான சாப்பாட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நீரும் பருக்கையுமாக இரண்டு பதங்கள் ஒரே வாயில். நீர் ஓடும், பருக்கை நிற்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்கச் சாமர்த்தியமான நாக்கு வேண்டும். பாலில் ஊறிய சேமியாவும் இதே கதைதான். குழைந்த வெண்பொங்கல், பருப்பும் நெய்யும் விட்டு மசித்த சோறு, கெட்டித் தயிரில் மசித்த இட்லி இவையெல்லாம் ஒரே பதமாக நாக்கின் மேல் சேர்ந்து நிற்கும். (முந்திரியும் மிளகும் பொங்கலில் வேண்டாம். ஒரு முறை நான் சொல்ல மறந்தேன். இன்னும் ஞாபகம் இருக்கிறது.)

இருமல் நின்றதும் பையனை “ஆ” என்று சத்தம் எழுப்ப வைத்தேன். பேச்சு வராத பிள்ளை. கிச்சுக்கிச்சு மூட்டினால் சத்தம் வரும், அது போதும். சாப்பிடுவதற்கு முன் கேட்ட குரல் தெளிவு. இப்போது தொண்டையில் தண்ணீர் குமிழியிடுவது போன்ற குரல். இதை ‘ஈரக்குரல்’ என்று எழுதிக்கொள்வேன். இந்த ஒரு சோதனைக்குக் கருவி வேண்டாம், காசு வேண்டாம், காது மட்டும் வேண்டும். ஒவ்வொரு நான்கைந்து வாய்க்கும் ஒரு முறை கேளுங்கள்.

கூடவே பார்க்க வேண்டியவை: கண்ணில் நீர் கோத்தல், இமை படபடப்பு, மூக்கு விடைத்தல், நெற்றி வியர்வை, உதட்டின் நிறம், மூச்சின் வேகம், ஒரு வாய்க்கு எத்தனை முறை விழுங்குகிறது, விழுங்கிய பிறகு வாயைத் திறந்தால் அண்ணத்திலும் கன்னத்திலும் எவ்வளவு ஒட்டியிருக்கிறது.

இருமாத குழந்தையின் விஷயம் இங்கேதான் வருகிறது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், ஒரு பெண் குழந்தையைப் பார்த்துவிட்டு ‘இருமல் இல்லை, பாதுகாப்பாகச் சாப்பிடுகிறாள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதத்துக்குள் நிமோனியா, மறுபடி நிமோனியா. எக்ஸ்ரே வீடியோ எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு மடக்குத் தண்ணீரிலும் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. இருமல் மட்டும் எழவே இல்லை. தொண்டையில் உணர்ச்சி மந்தமாகிவிட்டால் காவல்காரன் தூங்கிவிடுகிறான். அவளுக்கு அன்று கண்ணில் நீர் கோத்திருந்தது. அதை நான் பார்த்தேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். அடிக்கடி நெஞ்சுச் சளி வரும் பிள்ளை இருமாமல் சாப்பிட்டால், இருமும் பிள்ளையைவிட அதிகமாகக் கவலைப்படுங்கள். வெளியிலிருந்து பார்த்து ‘உள்ளே போகவில்லை’ என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதற்கு, எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்த உணவோடு எடுக்கும் வீடியோ எக்ஸ்ரேயோ மூக்கு வழியாக விடும் கேமரா குழாயோ வேண்டும்.

குடிப்பது தனிக்கதை

சோற்றைச் சமாளிக்கும் பல குழந்தைகள் தண்ணீரில் மாட்டிக்கொள்வார்கள். அதனால் தனியாகப் பாருங்கள். நம் ஊரில் எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பது மரியாதை. இந்தக் குழந்தைகளுக்கு அண்ணாந்த கழுத்துதான் முதல் எதிரி. சங்கிலும் பாலாடையிலும் ஊற்றுவதும் அப்படித்தான்: எப்போது விழுங்குவது என்று குழந்தை தீர்மானிப்பதில்லை, ஊற்றுகிறவர் தீர்மானிக்கிறார். மூக்கைப் பிடித்துக்கொண்டு மருந்து ஊற்றும் வீடுகளும் இருக்கின்றன. அதை மட்டும் அன்றைக்கே, அங்கேயே நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

முகவாய் சற்றே தாழ்ந்திருக்க, முதலில் ஒரு ஸ்பூன் தண்ணீர். விழுங்கட்டும். குரலைக் கேளுங்கள். பிறகு டம்ளரில் ஒரே ஒரு வாய். சரியாக இருந்தால் தொடர்ந்து இரண்டு மூன்று மடக்கு. ஒரு மடக்கில் சரியாக இருந்து தொடர் மடக்கில் இருமினால், அந்த வித்தியாசத்தையே எழுதுங்கள். மதிப்பீட்டில் மிக உபயோகமான வரி அதுவாகத்தான் இருக்கும். முதல் ஸ்பூனிலேயே இருமலோ ஈரக்குரலோ வந்தால் அடுத்ததைக் கொடுக்க வேண்டாம், அங்கேயே நிறுத்துங்கள்.

கெட்டியான பானம் சிலருக்கு எளிது. ஆனால் ‘கெட்டி’ என்பது ஆளுக்கு ஆள் மாறும் சொல். பதத்தை அளக்க உலக அளவில் ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு. அதன் 0 முதல் 10 வரையிலான கோடு 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், எல்லாக் கம்பெனியும் ஒன்றல்ல. உள்தண்டை எடுத்துவிட்டு, நுனியை விரலால் மூடி, 10 மில்லி நிரப்புங்கள். விரலை எடுத்துப் பத்து நொடியில் மறுபடி மூடுங்கள். ஒரு மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் அது தண்ணீர்ப் பதம். 1 முதல் 4 வரை மிஞ்சினால் லேசான கெட்டி. 4 முதல் 8 வரை அடுத்தது. எட்டுக்கு மேல் மிஞ்சி, ஆனாலும் சொட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் அடுத்தது. கேழ்வரகுக் கஞ்சி ஆற ஆற இறுகும். குடிக்கும் சூட்டில்தான் சோதிக்க வேண்டும். எச்சில் கலந்தால் அதே கஞ்சி இளகும் என்பதால், எச்சில் பட்ட ஸ்பூனைப் பாத்திரத்துக்குள் திரும்பத் திரும்ப விடாதீர்கள். எந்தப் பதம் என்று முடிவு செய்வதைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் விட்டுவிடுங்கள். பானத்தைக் கண்டபடி கெட்டியாக்கினால் குழந்தைக்குத் தண்ணீர்ச் சத்துப் போதாமல் போகும்.

உட்கார வைத்து மறுபடி

படுத்தபடி பார்த்ததை வைத்து ஈடாக்ஸ் நிலையைத் தீர்மானித்தால் அது குழந்தைக்குச் செய்யும் அநியாயம். இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் ஒட்ட, பாதம் எதன் மேலாவது ஊன்ற, தலை உடம்புக்கு நேராக. மூலை நாற்காலி இல்லாவிட்டால் சுவரின் மூலையும் இரண்டு தலையணையும், காலுக்கு அடியில் ஒரு பலகையும் போதும். ஊட்டுகிறவர் குழந்தையின் கண்மட்டத்தில் உட்கார வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் குழந்தை அண்ணாந்துதான் பார்க்கும். கரண்டியைக் கடித்துக்கொண்டு விடாத குழந்தையானால் இழுக்காதீர்கள், இழுக்க இழுக்கக் கடி இறுகும். தலையை மெல்ல முன்னால் சாய்த்துக் காத்திருந்தால் தானாக விடும்.

எந்த நிலை?

பாதுகாப்பை முதலில் கேளுங்கள், திறனை அடுத்துக் கேளுங்கள்.

வயதுக்கேற்ற எல்லாவற்றையும் பாதுகாப்பாக, ஒத்த வயதினர் எடுக்கும் நேரத்திலேயே சாப்பிட்டால் முதல் நிலை. முறுக்கு போன்ற மிகக் கடினமானதில் சற்றுத் திணறினாலும் இதுதான். பாதுகாப்பாகத்தான் சாப்பிடுகிறது, ஆனால் நேரம் கூடுகிறது, களைப்பில் அல்லது வேகமாக ஊற்றிய தண்ணீரில் எப்போதாவது இருமுகிறது, கொஞ்சம் சிந்துகிறது என்றால் இரண்டாவது. மசித்ததும் மென்மையானதும் போகிறது, கட்டியும் கடினமும் அடைக்கக்கூடும், பதத்தையும் உட்காரும் விதத்தையும் நாம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றால் மூன்றாவது. வழவழப்பாக அரைத்தது அல்லது நன்றாக மசித்தது மட்டும்தான், மூச்சும் விழுங்கலும் ஒன்றோடொன்று இடறுகின்றன, மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது என்றால் நான்காவது. குழாய் உணவைத் துணையாகச் சேர்ப்பது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய கட்டம் அது. பாதுகாப்பாக விழுங்கவே இயலாது, நாக்கில் தடவிச் சுவை காட்டுவது மட்டுமே சாத்தியம் என்றால் ஐந்தாவது.

யார் கையால் சாப்பிடுகிறது என்பது இந்த எண்ணில் சேராது. தானாகவா, உதவியோடா, முழுக்க மற்றவர் ஊட்டியா என்று பக்கத்தில் தனியாக எழுத வேண்டும். கை வராததால் அம்மா ஊட்டும் குழந்தை முதல் நிலையில் இருக்கலாம். அதேபோல, நடக்கிறானே என்று தொண்டையையும் நல்லதாக நினைத்துவிடாதீர்கள்.

இரண்டு நிலைகளுக்கு நடுவில் ஊசலாடினால்? பெற்றோரையும் குறிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். பெற்றோர் ஒரு நிலை நல்லதாகச் சொல்வது சகஜம். இந்த அளவுகோலை உருவாக்கியவர்களே கண்ட விஷயம் அது. அதற்காக அவர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம். “அன்றைக்கு மாமா வீட்டில் முறுக்குகூடத் தின்றானே” என்பார்கள். தின்றிருப்பான். நமக்கு வேண்டியது செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாடு.

எண்ணை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். அந்தப் பையனுக்கு நான் எழுதியது இது: ‘நிலை நான்கு. முழுக்க மற்றவர் ஊட்டுதல். மல்லாந்த நிலையில் ரசம் சாதம், 45 நிமிடம், ஆறு இருமல், மூன்று முறை ஈரக்குரல். உட்காரவைத்து மசித்த பருப்புச் சோறு பத்து வாய், இருமல் இல்லை, குரல் தெளிவு. தண்ணீர் ஸ்பூனில் சரி, டம்ளரில் இருமல். வருடத்தில் நான்கு முறை நெஞ்சுச் சளி. எடை எட்டு மாதமாக ஏறவில்லை. வீடியோ எக்ஸ்ரேக்குப் பரிந்துரை.’ மருத்துவருக்கு இதைப் படிக்க அரை நிமிடம் ஆகும். ‘சாப்பிடச் சிரமப்படுகிறான்’ என்பதைப் படிக்க ஒரு நொடிதான் ஆகும், பிறகு அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வது?

குழந்தை உயரமாக வளரும்போதும், அறுவை சிகிச்சைக்குப் பிறகும், மாத்திரை மாறும்போதும் மறுபடி பாருங்கள். பத்து, பன்னிரண்டு வயதில் உடம்பு சட்டென்று வளர, பழைய நாற்காலி பொருந்தாமல் போய், அதுவரை சரியாகச் சாப்பிட்ட பிள்ளை திணற ஆரம்பிப்பது உண்டு.

ஐந்து மாதம் கழித்து அதே திண்ணைக்குப் போனேன். பையன் சுவர் மூலையில் தலையணை சூழ உட்கார்ந்திருந்தான். அப்பாயி எதிரே ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து, கெட்டித் தயிரில் மசித்த இட்லியை ஊட்டிக்கொண்டிருந்தார். “இப்போதெல்லாம் இவனை யாருமே நினைப்பதில்லை” என்றார் சிரித்துக்கொண்டே. நான் அவன் விலாவில் விரலை வைத்துக் கிச்சுக்கிச்சு மூட்டினேன். கெக்கலித்தான். ஈரம் இல்லை. டம்ளரைக் காட்டி, “தண்ணீர்?” என்று கேட்டேன். அப்பாயி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்பூனை எடுத்தார்.